கங்காணியோடு கப்பலேறிய சாதி

வெளிநாட்டுக்குப் போய்விட்டால் சாதி விட்டுப்போகும் என்ற நம்பிக்கை நம் பிள்ளைகளிடம் இன்றும் இருக்கிறது. அம்மாபேட்டையில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு வரும் கல்லூரி மாணவர்களிடம் அடுத்து என்ன என்று கேட்டால், பலர் துபாய், சிங்கப்பூர், மலேசியா என்கிறார்கள். சம்பளம் ஒரு காரணம். "அங்க போனா எந்தத் தெருன்னு யாரும் கேக்க மாட்டாங்கக்கா" என்பது அடுத்த காரணம். தறிக்குப் பெயர்போன சேலத்தின் இந்தப் பகுதியில் தெருப் பெயரைச் சொன்னாலே பாதி விவரம் சொன்னதாகிவிடும். வாடகைக்கு வீடு தேடிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அதனால் அந்தப் பதிலை நாங்கள் சிரித்துக் கடந்துவிடவில்லை.

ஆனால் இதே நம்பிக்கையோடு இதே சேலம் சமவெளியிலிருந்து நம் முன்னோர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே கடல் கடந்திருக்கிறார்கள். இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும், மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும், நேட்டாலின் கரும்புக் காடுகளுக்கும் போனார்கள். அவர்களில் பெரும் பகுதியினர், அன்றைய பதிவேடுகள் பறையர், பள்ளர், சக்கிலியர் என்று எழுதி வைத்த நம் மக்கள். போன இடத்தில் சாதி போனதா? சில இடங்களில் தளர்ந்தது, சில இடங்களில் அசையவே இல்லை. எந்த நாட்டுக்குப் போனார்கள் என்பதைவிட, அங்கே வேலையை யார் மூலமாகத் தேடிக்கொண்டார்கள் என்பதுதான் இதைத் தீர்மானித்தது என்று நாங்கள் நினைக்கிறோம். ஏன் என்று சொல்கிறோம்.

முதலில், எதை விட்டுப் போனார்கள்? 1843ஆம் ஆண்டின் 5ஆம் எண் சட்டம், அடிமை முறையை இனி எந்த நீதிமன்றமும் ஏற்காது என்றது. நிலத்தைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நிலம் இல்லாதவர் ஆண்டையிடம் கடன் வாங்கிப் பண்ணையாளாகவே இருந்தார். கல்யாணத்துக்கு வாங்கிய கடன் மகன் தலையில் விழுந்தது. இந்த நிலையில்தான் 1876–78 பஞ்சம் வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார்கள் சொன்னது இதைத்தான். சென்னை மாகாணத்தில் மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் சுமார் 19.67 லட்சமாக இருந்த மாவட்டத்தின் மக்கள்தொகை 1881இல் சுமார் 16 லட்சம். பத்தாண்டில் கூடியிருக்க வேண்டிய எண்ணிக்கை மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த நாள்கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. கல் உடைக்கிற உடம்புக்கு அதுதான் சாப்பாடு. குதிரில் தானியம் இருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். நிலமும் இல்லாமல், ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமையும் இல்லாமல் இருந்தவர்கள் முதலில் சாய்ந்தார்கள்.

ஆசை காட்டி ஏமாற்றி அழைத்துப் போனார்கள் என்று மட்டும் எழுதுகிற புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. ஏமாற்று நடந்தது உண்மை. ஆனால் நம் மக்களை விவரம் தெரியாத கூட்டமாகக் காட்டும் அந்த எழுத்தில் எங்களுக்கு உடன்பாடில்லை. அவர்கள் கணக்குப் போட்டுத்தான் போனார்கள்: இங்கே இருந்தால் சாவு அல்லது ஆண்டை, அங்கே போனால் சாவு அல்லது ரொக்கக் கூலி. தஞ்சாவூர் மிராசுதார்கள் ஆள் கிடைக்கவில்லை, கூலிகள் கடல் கடந்து ஓடுகிறார்கள் என்று அரசாங்கத்திடம் முறையிட்டதே இந்தக் கணக்கு சரிதான் என்பதற்குச் சாட்சி.

போவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று ஒப்பந்தக் கூலி முறை. மொரீசியஸ், நேட்டால், ஃபிஜி போன்ற தூர தேசங்களுக்கு இந்த வழி. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகம் சேர்ந்தது. 1911இல் நிறுத்தப்படும்வரை நேட்டாலுக்கு 1,52,184 பேர் போனார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று வரிசையாகக் கட்டங்கள்.

இந்த வழியில் ஆள் பெரும்பாலும் தனியாகச் சிக்கினார். சந்தையிலோ ரயிலடியிலோ ஆள்பிடிப்பவரிடம் பேசி, சென்னை டிப்போவுக்கு வந்து, முன்பின் தெரியாதவர்களோடு கப்பலில் ஏறினார். ஒரே அடுப்பில் சமைத்ததை வாரக்கணக்கில் சாப்பிட்டார். இறங்கியதும் எந்தத் தோட்டத்துக்கு எத்தனை ஆள் தேவையோ அப்படிப் பிரித்து அனுப்பினார்கள். சேலத்துக்காரரின் பக்கத்துக் குடிசையில் வட ஆற்காட்டுக்காரர் இருந்தார், அதற்குப் பக்கத்தில் தெலுங்கர் இருந்தார். இவர் இன்னார் என்று சொல்ல அங்கே ஊர்ச் சாட்சி இல்லை. சாதிக் கட்டத்தில் வேறு பெயர் சொல்லி எழுதிக்கொண்டவர்கள் உண்டு என்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கல்யாணத்தில் சாதி பார்ப்பது அங்கேயும் முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் தொடாதே, எட்டி நில் என்ற பழைய ஒழுங்கு ஆட்டம் கண்டது.

இதற்கு அவர்கள் கொடுத்த விலையும் சின்னதல்ல. ஐந்து வருட ஒப்பந்தம், அனுமதிச் சீட்டில்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் தண்டனை, வேலைக்கு வராவிட்டால் சிறை. ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்க நினைத்தவர்கள் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும் என்று 1895இல் நேட்டால் சட்டம் போட்டது. அடிமைத்தனத்துக்குப் பக்கத்தில் நின்ற ஒரு முறை சாதியின் பிடியைத் தளர்த்தியது. வசதியான முடிவு எதுவும் இதிலிருந்து எங்களுக்குக் கிடைக்கவில்லை.

சேலம், நாமக்கல் பக்கத்து மக்கள் கூட்டம் கூட்டமாகப் போனது இரண்டாவது வழியில். அது இலங்கைக்கும் பிறகு மலேயாவுக்கும் போன கங்காணி வழி. காகிதத்தில் இது சுதந்திரமான கூலி முறை. ஐந்து வருட ஒப்பந்தம் கிடையாது, ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு விலகலாம் என்று சட்டம் சொன்னது. நடப்பு வேறு.

கங்காணி என்பவர் தோட்டத்தில் ஏற்கெனவே இருப்பவர். துரை அவர் கையில் முன்பணம் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். அவர் தன் கிராமத்துக்கு வந்து உறவினர்களையும் அக்கம்பக்கத்துச் சேரிகளையும் திரட்டுவார். பெரிய கங்காணி பெரும்பாலும் நிலமுள்ள சாதியைச் சேர்ந்தவராக இருப்பார். அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள், அவரவர் சாதி ஆட்களுக்கு அவரவர். ஒரு கூட்டம் கிளம்பும்போது ஊரும் சேரியும் அதே வரிசையில் கிளம்பின. யார் யார் வீட்டுப் பிள்ளை, யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பது எல்லோருக்கும் தெரியும். நேட்டால் கப்பலில் தொலைந்துபோன ஊர்ச் சாட்சி இங்கே கங்காணி உருவத்தில் கூடவே நடந்து வந்தது.

நடந்துதான் போனார்கள். ரயிலும் கப்பலும் வசதிப்படுவதற்கு முன்னால், திருச்சி, புதுக்கோட்டை வழியாகத் தொண்டி போன்ற துறைகளுக்கு நடந்து, தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து தம்புள்ளை, மாத்தளை வரை காட்டு வழி. காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் போனார்கள். காப்பிக் காலத்தில் இது பருவ வேலை. பழம் பறிக்கப் போய்விட்டு ஊர் திரும்புவார்கள், பெரும்பாலும் ஆண்கள். 1869இல் காப்பியில் இலைத்துரு நோய் தோன்றி, அடுத்த பதினைந்து ஆண்டுகளில் தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. தேயிலைக்கு வருடம் முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். அதற்குப் பெண்கள் வேண்டும். அப்போதுதான் குடும்பம் குடும்பமாகப் போனார்கள், போனவர்கள் அங்கேயே தங்கினார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலோடு ரயில் இணைந்த பிறகு பயணம் எளிதானது. 1911 கணக்கெடுப்பிலேயே இலங்கையில் இந்தியத் தமிழர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல் இருந்தார்கள்.

இந்தப் புள்ளிவிவரங்களை ஆராயும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாமக்கல் தாலுகா 1910இல் சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1929இல்தான் சேலத்துக்குத் திரும்பியது. ஆகவே அந்த இருபது ஆண்டுகளின் அறிக்கைகளில் 'திருச்சி ஜில்லா' என்று எண்ணப்பட்டவர்களில் நாமக்கல் மக்களும் அடக்கம். சேலத்தின் பங்கை அட்டவணையில் இருக்கிறபடியே எடுத்துக்கொண்டால் குறைத்து மதிப்பிட்டுவிடுவோம். சின்ன விஷயம் போலத் தோன்றும். கடைசியில் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த அன்றே ஆள் கடனாளி. வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் பற்றில் ஏறியிருக்கும். கணக்கு கங்காணியிடம், எழுத்துத் தெரியாதவர் தொழிலாளி. கூலியும் பல தோட்டங்களில் கங்காணி கை வழியாகத்தான் வந்தது. வேலைக்கு வரும் ஒவ்வொரு ஆளுக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே ஆள் கடனில் இருப்பதும், கூட்டம் கலையாமல் இருப்பதும் அவருக்கு லாபம். விலகிப் போக நினைத்தால் பற்றுச்சீட்டு வேண்டும், கடன் தீராமல் அது கிடைக்காது. ஓடினால் சிறை. 1865ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி செய்திருந்தது.

இவற்றைவிடக் கொடியது துண்டு. 'இந்தக் கங்காணியின் ஆட்களுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டுபவர் கூட்டத்தை அழைத்துப் போகலாம்' என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். அதிகம் கொடுக்கத் தயாரான துரையிடம் கூட்டம் கைமாறும். வித்தியாசத் தொகை கங்காணிக்கு, கூடிய கடன் தொழிலாளிக்கு. ஆளை விற்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை, கடனைத்தான் விற்றார்கள். 1921இல்தான் இலங்கைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

பழைய கதை என்று கடந்துபோக முடியாது. இன்று வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர், 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். சேவைக் கட்டணமாக முப்பதாயிரம் ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தவிர வாங்கக்கூடாது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர் வளைகுடா நாடுகள், மலேசியா போன்ற இடங்களுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி பெற வேண்டும். இதைச் சொன்னால் பிள்ளைகள் எங்களைப் பார்த்து, "மாமாவோட ஃபிரெண்டுதான்க்கா அனுப்புறாரு" என்கிறார்கள். வட்டிக்கு வாங்கிக் கொடுத்த தொகைக்கு ரசீது கூட இல்லை. இன்னொரு பக்கம், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நம் ஊர் மில்லுக்கும் கட்டட வேலைக்கும் கான்ட்ராக்டர் கூட்டிவரும் பையன்களை நாம் 'இந்திக்காரன்' என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறோம். அவர்களில் எத்தனை பேர் அந்த ஊர்களின் தலித்துகள், ஆதிவாசிகள் என்று நம் அமைப்புகளில் யாராவது கேட்டிருக்கிறோமா?

தோட்டத்துக்குத் திரும்புவோம். விடியுமுன் தப்படித்து எழுப்புவார்கள். தப்பு அடிப்பவர் ஊரில் எந்தச் சாதியோ அதே சாதி. பிரட்டுக்களத்தில் பேர் பதிவாகும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். லயங்கள் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. சவரம், சலவை, சாவுச் சடங்கு எல்லாம் ஊரில் யார் செய்தார்களோ அவர்களே இங்கும் செய்தார்கள். கோயில் திருவிழாவில் முதல் மரியாதை பெரிய கங்காணிக்கு. துரை இதில் தலையிடவில்லை. ஒழுங்கைத் தன் செலவில்லாமல் கங்காணி காப்பாற்றித் தருகிறார் என்றால் துரைக்கு என்ன கவலை? பெண்ணுக்குக் கூலி ஆணைவிடக் குறைவு, அதையும் பல இடங்களில் புருஷன் கையில் கொடுத்தார்கள். தேயிலையின் முழுப் பாரமும் அவள் முதுகுக் கூடையில் இருந்தது.

அருந்ததியர் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் போன்ற நகரங்களின் துப்புரவுப் பணிக்கு ஆங்கிலேயர் காலத்தில் தமிழகத்திலிருந்து குடும்பங்கள் கொண்டுபோகப்பட்டன. இன்றும் அந்தக் குடியிருப்புகளில் அவர்களின் வாரிசுகள் இருக்கிறார்கள், பலர் அதே வேலையில். கடல் தாண்டி, வேறு அரசாங்கத்தின் கீழே, நாலைந்து தலைமுறை கழிந்தும் கையில் அதே விளக்குமாறு. புதிய நாட்டில் வேலைக்குப் பஞ்சமில்லை. எந்த வேலை யாருக்கு என்பது இங்கிருந்தே தீர்மானமாகிப் போயிருந்தது.

அதற்காக ஒன்றுமே மாறவில்லை என்று சொல்வதும் பொய். ஆண்டை முகத்தில் விழிக்காமல் ஒரு நாள் விடிவதே எத்தனையோ பேருக்குப் பெரிய விஷயம். பணம் சேர்த்து ஊரில் காணி வாங்கியவர்கள் இருந்தார்கள். கங்காணியாகவே உயர்ந்தவர்களும் இருந்தார்கள், குறைவாக. பிற்காலத் தொழிற்சங்கத் தலைமை யார் கைக்குப் போனது என்று பார்த்தால் இந்த ஏணியின் உயரம் தெரியும். மலையகத்தின் பெரும் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானின் தந்தை, கங்காணியாக இருந்து தோட்டத்துக்கே உடைமையாளரானவர். தொண்டமான் செய்த வேலைகளை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் தலைக்காசு வாங்கிய வீட்டிலிருந்து தலைவர் வந்தார், தலையை எண்ணிக் கொடுத்தவர்களின் வீட்டிலிருந்து வர இன்னும் பல காலம் பிடித்தது.

எழுத்தறிவோடு போனவர்களுக்கு இந்த இரண்டு வழியும் தேவைப்படவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1904இல் நாட்டை விட்டுப் புறப்பட்டு, ஆப்பிரிக்காவில் தங்கி, நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். கங்காணியும் இல்லை, டிப்போவும் இல்லை. கைவசம் தமிழும் ஆங்கிலமும் இருந்தன. திரும்பி வந்து 1930இல் அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தார். அயோத்திதாசர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு டர்பனிலும் ரங்கூனிலும் கிளைகள் உருவானதும் இதே காலத்தில்தான். வேலை தேடிப் போன நம் மக்கள் அந்த ஊர்களில் சந்தா கொடுத்து, பத்திரிகை வரவழைத்துப் படித்தார்கள். புலம்பெயர்வு பற்றிய பாடத்தில் இந்தப் பக்கம் வருவதே இல்லை.

இந்திய அரசு 1939இல் உடலுழைப்புத் தொழிலாளர்கள் இலங்கைக்குப் போவதைத் தடை செய்தது. மலேயாவுக்கு அதற்கு முந்தைய ஆண்டே தடை வந்துவிட்டது. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தேயிலையை வளர்த்த சுமார் ஏழு லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். மீதியையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

இராமானுஜம் கப்பலில் வந்து மண்டபம் முகாமில் இறங்கியவர்களில் பலர் இந்தியாவை முதன்முறையாகப் பார்த்தார்கள். இரண்டாவது முறையாக அந்நிய நாட்டில் வேலை தேட வேண்டியிருந்தது, இந்த முறை அந்த நாட்டின் பெயர் தாய்நாடு. நீலகிரியில் 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுத்தன. 1969இல் தாயகம் திரும்பியோருக்காக ரெப்கோ வங்கி வந்தது. சிலருக்கு நூற்பாலை வேலை, சிலருக்குச் சிறுகடைக் கடன். தேயிலை தவிர வேறு தெரியாதவர் சமவெளியில் கடை வைத்து எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? கொடைக்கானல் மலையில் மரம் வெட்ட முன்பணம் கொடுத்து அழைத்துப் போகப்பட்ட குடும்பங்கள் கொத்தடிமைகளாகச் சிக்கியிருந்தது 1980களில் வெளியே வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. முன்பணம், பற்று, கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி, எல்லாமே பாட்டன் காலத்துக் கதைதான். ஊரார் வைத்த பெயர் சிலோன்காரன்.

இவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் எங்கள் வகுப்புக்கு வருகிறார்கள். அவர்களில் ஒரு பெண்ணின் சாதிச் சான்றிதழுக்காகக் கடந்த ஆண்டு முதல் அலைந்துகொண்டிருக்கிறோம். தோட்டத்தில் தனி லயத்தில் வைத்து, தனிக் குழாயில் தண்ணீர் பிடிக்க வைத்து நூறாண்டுகள் இவர்களின் சாதியைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினார்கள். ஆனால் தாத்தா கையில் கொடுத்தனுப்பிய பாஸ்போர்ட்டில் சாதி என்று ஒரு கட்டம் இல்லை. முகாமில் கொடுத்த குடும்ப அட்டையை வைத்துக்கொண்டு போனால், பூர்வீகம் எந்த ஊர், அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார்கள். வீட்டில் இருந்த ஒரே பழைய காகிதத்தில் கொள்ளுத்தாத்தாவின் ஊர் 'திருச்சினாப்பள்ளி ஜில்லா, நாமக்கல் தாலுகா' என்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஓர் அலுவலகத்தில் திருச்சிக்குப் போகச் சொன்னார்கள். திருச்சியில் அப்படி ஒரு தாலுகாவே இல்லையே என்று திருப்பி அனுப்பினார்கள். 1910ஆம் ஆண்டு மாற்றத்தை எழுதி, அதற்கான அரசிதழ் நகலைத் தேடிக்கொண்டிருக்கிறோம். இதற்கிடையில் அந்தக் கிராமத்துக்கே போய் விசாரித்ததில், சேரியில் அவர்களுடைய பங்காளி வீடு ஒன்று இன்றும் இருப்பது தெரிந்தது. அந்த வீட்டுப் பெரியவர், தன் தாத்தாவின் தம்பி கங்காணியோடு கண்டிச் சீமைக்குப் போனவர் என்று எழுதிக் கைநாட்டு வைத்துக் கொடுத்தார். அதையும் இணைத்து மூன்றாவது மனு கொடுத்திருக்கிறோம். அந்தப் பெண் இப்போது இரண்டாம் ஆண்டு, உதவித்தொகை இல்லாமல் கட்டணம் கட்டிப் படித்துக்கொண்டிருக்கிறாள்.